வால்நட்சத்திரம் யாரைக் கேட்டு நகர்ந்தது?

வானம் எல்லோருக்கும் பொது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அது தவறு. இந்தக் கதை நடந்தபோது திருச்சி மாவட்டத்து வானம், கன்டோன்மென்டில் ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில் இயங்கிவந்த வானியல் மேம்பாட்டுச் சிறப்பு அலுவலகத்தின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. கீழே பல் மருத்துவர், மேலே ஆகாயம். அலுவலகம் துவாக்குடிக்கு மாறப்போகிறது என்று ஆறு வருடமாக மாடிப்படியில் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

அலுவலகம் இங்கே, தொலைநோக்கியோ மருங்காபுரிப் பக்கம் ஒரு பாறை மேல். அதற்குக் காவலர் ரசூல். கையொப்பமும் முத்திரையும் உள்ள திட்டத்தாள் வந்தால் கதவைத் திறப்பார். இல்லாவிட்டால் அந்தச் சந்திரனே நேரில் வந்து நின்றாலும் சாவி அவர் இடுப்பை விட்டு இறங்காது.

அந்தத் திட்டத்தாளைத் தயாரிப்பவள் லிசி. திருவெறும்பூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள். எட்டு வருடமாகத் தற்காலிகப் பணியாளர். வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் கிடையாது. தனியாக ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அவளுடைய கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருள். திரையில் ஒரு வட்டம் தெரியும், அது தொலைநோக்கிக்குத் தெரியும் வானம். பார்க்க வேண்டிய பொருளை நடுவில் வைக்க வேண்டும், அது இலக்கு. வட்டத்தின் ஓரத்தில் ஒரு சின்னச் சதுரம். வட்டத்தைத் திருப்பித் திருப்பி அதற்குள் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைக் கொண்டுவர வேண்டும்; அது வழிகாட்டி. ஓடும் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து நிற்பதுபோலத் தொலைநோக்கி அந்த வழிகாட்டியைப் பிடித்துக்கொள்ளும். படம் ஆடாது.

ஒருநாள் பழைய படமொன்றில், இருக்கக் கூடாத இடத்தில் ஒரு மங்கலான பொட்டு இருப்பதை லிசி பார்த்தாள். வெளிநாட்டு வானியல் மையத்துக்கு எழுதிக் கேட்டாள். பதில் வந்தது: "புதிய வால்நட்சத்திரமாக இருக்கலாம். பத்து நாளைக்குள் இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள். பிறகு அது சூரிய வெளிச்சத்துக்குள் போய்விடும். உறுதியானால் உங்கள் பெயரே வைக்கப்படும்."

லிசி அதை நான்கு முறை படித்தாள். பதிவேட்டில் ஏறாத பெயர், வானத்தில் ஏறப்போகிறது.

அன்றே திட்டத்தாளோடு சிறப்பு அலுவலர் முருகானந்தத்தின் முன் நின்றாள். அவர் மீன்வளத் துறையில் இருபது வருடம் இருந்தவர். மீனுக்கு அடுத்து வானம் என்று மேலிடம் முடிவு செய்திருந்தது.

"நடுவுல என்னம்மா, அழுக்கா?"

"அதுதான் சார் வால்நட்சத்திரம்."

"ஓரத்துல பளபளன்னு ஒண்ணு நிக்குதே?"

"அது வழிகாட்டி சார்."

முருகானந்தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, மேடையில மந்திரி மங்கலா உட்கார்ந்திருக்க, பி.ஏ. பட்டு வேட்டியில பளபளன்னு நிக்கலாமா? கூட வர்றவன் எப்படி முக்கியஸ்தனை விடப் பிரகாசமா இருக்கலாம்?"

"மங்கலான நட்சத்திரத்தைத் தொலைநோக்கியால பிடிக்க முடியாது சார்."

அப்போதுதான் தாளின் அடியில் இருந்த பிரகாச எண்கள் அவர் கண்ணில் பட்டன. இலக்கு 17, வழிகாட்டி 9.

"அட, கணக்குல சரியாத்தானே இருக்கு! பதினேழுக்குக் கீழ ஒம்பது. முறைதான்."

வானியலில் பொருள் மங்க மங்க எண் ஏறும். அதைச் சொல்ல லிசி வாயைத் திறந்தாள். எட்டு வருட அனுபவம் அந்த வாயை மூடியது. "ஆமா சார்" என்றாள்.

அவர் பேனாவை எடுத்த அந்த நல்ல நேரத்தில் உள்ளே வந்தார் ஊழியர் சங்கச் செயலாளர் கலையரசன். இருபத்திரண்டு முறை கைதாகி, இருபத்திரண்டு முறையும் கல்யாண மண்டபத்தில் வைக்கப்பட்டு, மாலைக் காப்பியோடு விடுதலையான தியாகி.

"இருங்க சார்" என்று தாளை வாங்கிப் பார்த்தார். "இதே சதுரத்துக்குள்ள பதினாலு ஒண்ணு இருக்கு. பதினாலு காத்துக்கிட்டு இருக்கறப்ப ஒம்பதுக்கு எப்படிங்க வழிகாட்டிப் பதவி? சீனியாரிட்டி என்ன ஆச்சு? இன்னைக்கு நட்சத்திரம், நாளைக்கு நாங்களா?"

"தோழர், நம்பர் ஏற ஏற மங்கல்னு அர்த்தம்..."

"மங்கலா இருந்தா பதவி கிடையாதா? மங்கலா இருக்கறவங்கதானே தங்கச்சி நம்ம மெஜாரிட்டி?"



முருகானந்தம் பேனாவை மூடினார். மூவர் குழு அமைக்கப்பட்டது. குழு ஐந்து நாள் கூடி, முந்திரி பிஸ்கட்டோடு ஆழ்ந்து பரிசீலித்து, ஒன்பதைப் 'பொறுப்பு வழிகாட்டி' ஆக நியமிப்பதென்றும், அதனால் பதினாலின் முதுநிலை உரிமைக்கு எவ்விதப் பங்கமும் இல்லை என்றும் ஏகமனதாகத் தீர்மானித்தது.

ஆறாம் நாள் லிசி வேறொரு தாளோடு வந்தாள்.

"இது என்னம்மா புதுசு?"

"வால்நட்சத்திரம் நகர்ந்துடுச்சு சார். பழைய இடத்துல இப்ப இல்ல. வழிகாட்டியும் வேற போட்டிருக்கேன்."

"நகர்ந்துடுச்சா? யாரைக் கேட்டு?"

முருகானந்தம் பழைய தாளை எடுத்துப் புதியதன் பக்கத்தில் வைத்தார்.

"குழு ஒப்புக்கிட்டது ஒரு இடம். இது வேற இடம். இடமாறுதல் உத்தரவு எங்க?"

"அது தினமும் நகரும் சார். அதோட இயல்பு அது."

"நான் மீன்வளத்துல இருந்தவன்மா. மீன் நகரும், எனக்குத் தெரியாதா? ஆனா குளம் ஃபைல்ல இருக்கற இடத்துலதான் இருக்கும். புது இடம்னா புதுக் குழு."

"இன்னும் நாலு நாள்தான் சார் இருக்கு."

முருகானந்தம் கல்நெஞ்சர் அல்லர். "அப்ப மேல சிவப்பு மையில 'அவசரம்'னு எழுதிக் கொண்டாம்மா" என்றார்.

அவசரம் என்று எழுதிய தாள் அவசரமாகப் போனது. ஒரு குறிப்பாணை அதைவிட அவசரமாக வந்தது. குழு முடிவெடுத்த பின் இலக்கு நகர்ந்தது ஏன் என்று லிசி விளக்கம் தர வேண்டும். தந்தாள்: "வால்நட்சத்திரங்கள் இயல்பாகவே நகரும். இதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை." விளக்கம் ஏற்கப்பட்டு அவள் மன்னிக்கப்பட்டாள். பத்தாம் நாள் பகலில் கையொப்பமும் முத்திரையும் கிடைத்தன. பழைய தாளுக்கு.

லிசி அதை எடுத்துக்கொண்டு ஓடினாள். இரண்டு பஸ் மாறி, பாறை ஏறி, மூச்சு வாங்க நின்றாள். மேற்கே வெளிச்சம் இன்னும் அடங்கவில்லை. அதிகாரிகள் இல்லாத பாறைதானே, தொலைநோக்கியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிடலாம் என்பது அவள் எண்ணம். ரசூல் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, தொலைநோக்கித் திரையில் இருந்த இட எண்களை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லிச் சரிபார்த்தார்.

"ஒரு நூல் தள்ளி வச்சாப் போதும் பாய். அங்கதான் இருக்கு."

"நீ சொல்றது நெசமா இருக்கும்மா. ஆனா தாள்ல அப்படி இல்லையே. தள்ளினா என் வேலை போயிடும்."

தொலைநோக்கி பொறுப்பு வழிகாட்டியை இறுகப் பிடித்துக்கொண்டது. இம்மி ஆடவில்லை. எட்டு வருடத்தில் இவ்வளவு துல்லியமான படம் வந்ததில்லை. ஒவ்வொரு நட்சத்திரமும் ஊசி குத்தியதுபோல விழுந்திருந்தது. நடுவில் ஒன்றுமில்லை.

"திட்டமிட்ட இடமே படமெடுக்கப்பட்டது. வழிகாட்டி செம்மையாகப் பணியாற்றினார்" என்று மேலிடத்துக்கு அறிக்கை போயிற்று. படத்துக்குச் சட்டம் போட்டு, முருகானந்தம் தலைக்கு மேலே மாட்டினார்கள்.

அதே வாரம், போர்ச்சுகலில் ஒரு ரொட்டிக் கடைக்காரர் தன் வீட்டு மொட்டை மாடித் தொலைநோக்கியால் அந்த வால்நட்சத்திரத்தைப் படமெடுத்திருந்த செய்தி வந்தது. அவர் யாரிடமும் கையெழுத்து வாங்கவில்லை. பெயர் அவருக்குப் போயிற்று.

கலையரசன் கொதித்துவிட்டார். "ஒரு தொழிலாளியோட பேரை வானத்துல இருந்தே பறிச்சிருக்கானுங்க. விடமாட்டோம் தங்கச்சி!" தற்காலிகப் பணியாளருக்குச் சங்கத்தில் இடமில்லை, ஆர்ப்பாட்டத்தில் உண்டு. அலுவலகத்தின் முன் கண்டன ஆர்ப்பாட்டம் நடத்தக் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்தார். இருபத்து மூன்றாம் நாள் அனுமதி வந்தது. இடையில் ஓர் அதிசயமும் நடந்திருந்தது. ஆறு வருடமாக அசையாத அட்டைப்பெட்டிகள் அசைந்து, அலுவலகம் துவாக்குடிக்கே போய்விட்டது.

ஆர்ப்பாட்டத்தன்று லிசி கலையரசனின் காதோரம் சொன்னாள்: "தோழர், இங்க ஆபீஸ் இல்ல. அவங்க துவாக்குடியில இருக்காங்க."

"தெரியும் தங்கச்சி." அவர் சட்டைப் பையிலிருந்து அனுமதிக் கடிதத்தை எடுத்துக் காட்டினார். "ஆனா அனுமதி இந்த இடத்துக்குத்தானே? புது இடம்னா புது மனு."

சரியாக நாலு மணிக்கு அறுபது பேர் முழங்கினார்கள். பல் மருத்துவரிடம் வந்தவர்கள் வாயில் பஞ்சோடு எட்டிப் பார்த்தார்கள். மைக்கைப் பிடித்த கலையரசனின் கை இம்மி ஆடவில்லை. லிசியும் கையை நீட்டிக் கத்தினாள், நன்றாகவே கத்தினாள்.

மறுவாரம் சங்க அலுவலகத்தில் ஒரு படத்துக்குச் சட்டம் போட்டு மாட்டினார்கள். துல்லியமான படம். ஓரத்தில் தோழர் பிரகாசமாக நின்றார். லிசியின் கையும் சேர்த்து எல்லாக் கைகளும் நடுவில் ஒரே இடத்தைக் காட்டின. அங்கே பூட்டிய மாடிக் கதவும் அதில் ஒரு பலகையும் தெரிந்தன: 'வாடகைக்கு விடப்படும்.'