இரவல் காது

என் மனைவியின் காதுகளைத் திருடுவதென்று தீர்மானித்தேன். தோட்டைச் சொல்லவில்லை. தோடு தொங்குகிற காதையே சொல்கிறேன். ஐம்பத்தெட்டு வயதில், கண்ணாடிக் கடையில் நல்ல பெயரோடு வேலை பார்க்கிற ஒரு மனிதன் இந்த முடிவுக்கு வர வேண்டுமென்றால் வலுவான காரணம் இருக்க வேண்டும். இருந்தது.

பகலில் நான் கண் பார்க்கிறவன். வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கின்மேல் கனமான சட்டத்தை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பது என் பிழைப்பு. ஆனால் என் உயிர் வேறிடத்தில் இருந்தது. ஒரு வார இதழில் பதினொரு வருடமாக அரைப் பக்கம் எனக்குச் சொந்தம். வெள்ளிக்கிழமைதோறும் புதிதாக வெளியாகும் ஆல்பங்களைக் கேட்டு, சோல், ஃபோக், ப்ளூஸ், கன்ட்ரி என்று வகைக்கு ஒன்றாகப் பொறுக்கி வாசகர்களுக்குச் சொல்வேன். நெஞ்சைப் பிழிகிற சோல், ஊர்க்கதை சொல்கிற ஃபோக், துக்கத்தைத் தாளத்தில் ஏற்றுகிற ப்ளூஸ், வண்டியையும் வயலையும் விட்டுப்போன காதலியையும் பாடுகிற கன்ட்ரி. இவற்றைச் சல்லடை போட்டுத் தேட என்னை விட்டால் ஆளில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நினைப்பில் இடி விழுந்தது ஒரு ஃபோக் ஆல்பத்தால். முதல் பாட்டைப் போட்டேன். மூன்று நிமிடம் சத்தமே இல்லை. அசந்துபோனேன். என்ன துணிச்சல்! "மூன்று நிமிட மௌனத்தில் தொடங்க எத்தனை கலைஞர்களுக்கு நெஞ்சுரம் உண்டு?" என்று எழுதி அனுப்பினேன். ஆசிரியர் போன் செய்தார்.

"சார், அந்த முதல் பாட்டு..."

"மௌனம். பிரமாதம் இல்ல?"

"இல்ல சார். அதுல ஒருத்தர் சின்ன ஊதுகுழல் வாசிக்கிறாரு. மெல்லிசா, உச்சத்துல. மூணு நிமிஷமும்."

தவறான கோப்பைத் திறந்துவிட்டேன் என்று சமாளித்தேன். ஆசிரியர் என்னைவிட இருபது வயது இளையவர், மரியாதை தெரிந்தவர். அதனால்தான் அடுத்து அவர் சொன்னது அதிகமாகவே உறைத்தது.

"சார், பதினொரு வருஷம் எழுதிட்டீங்க. இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா, கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கறதப் பத்தி யோசிக்கலாம்."

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பாட்டை மறுபடி போட்டேன். ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்தேன். எங்கோ தூரத்தில் கொசு பறப்பதுபோல ஏதோ இருந்தது. காது போய்க்கொண்டிருக்கிறது. பயமாக இருந்தது. கண் போனால்கூட இந்தப் பயம் வந்திருக்காது. கண்ணுக்கு நான் வேலை பார்க்கிற கடையே இருக்கிறது.

மனைவியிடம் சொல்லலாம்தான். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு இசை ஞானம் கிடையாது என்று நான்தான் சொல்லிவருகிறேன். உறவினர் முன்னால் சொல்லியிருக்கிறேன். அவளுடைய அண்ணன் முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். இப்போது போய் "என் காதே காலி" என்றால் என் மானம் என்னாவது?

அவள் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் இருக்கிறாள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை தலையில் போன் கருவியை மாட்டிக்கொண்டு, குழாயில் தண்ணீர் வராதவர்களின் குரலைக் கேட்கிற வேலை. அவள் காதில் பழுதில்லை. பக்கத்து வீட்டில் டப்பா திறந்தால் என்ன டப்பா என்று சொல்வாள். அந்தக் காதைத்தான் அவளுக்கே தெரியாமல் பயன்படுத்துவதென்று திட்டம் போட்டேன்.

சனிக்கிழமை காலை. அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"இங்க பாரு, ஒரு ஆராய்ச்சி பண்றேன்."

"எதுல?"

"சாமானியர்கள் எப்படிப் பாட்டு கேக்கறாங்கன்னு. அதுக்கு ஞானமே இல்லாத ஒரு ஆள் வேணும்."

"நான்தான் கிடைச்சேனா?"

"உன்ன மாதிரி சுத்தமான ஆள் கிடைக்கறது கஷ்டம். நான் ஆல்பம் போடுவேன். காதுல என்ன விழுதோ அப்படியே சொல்லணும். நான் குறிச்சுக்குவேன்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சரிங்க. சும்மா உக்காந்து எழுதாதீங்க. நடுநடுல துணிய மடிச்சு வைங்க."

நோகாமல் நோன்பு கும்பிடலாம் என்று நினைத்தவனுக்குப் போர்வை மடிக்கிற வேலை வந்தது. ஒப்புக்கொண்டேன்.

முதலில் ஒரு ப்ளூஸ். கரடுமுரடான ஆண் குரல் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

"இந்த ஆளுக்கு ஒரு கஷ்டமும் இல்ல," என்றாள் அவள்.

"எப்படிச் சொல்ற?"

"கத்தறாரே. எங்க ஆபீஸுக்குப் போன் பண்ணிக் கத்தறவங்க வீட்லயெல்லாம் பாதித் தண்ணியாவது வரும். நிஜமா நாலு நாளா தண்ணி இல்லாதவங்க மெதுவாத்தான் பேசுவாங்க. கத்தத் தெம்பு இருக்காது."

குறித்துக்கொண்டேன். அடுத்து கன்ட்ரி.

"இவர் பொண்டாட்டி விட்டுட்டுப் போயிட்டாளா?"

"ஆமா, அதான் பாட்டு."

"அழறாரு. ஆனா பொண்டாட்டி பேர் வர்ற இடத்துல குரல் தடுமாறல. வண்டி பேர் வர்றப்ப தடுமாறுது. வண்டியையும் எடுத்துட்டுப் போயிட்டா போல."

அடுத்து ஃபோக் போட்டேன். இஸ்திரிப் பெட்டி காற்றில் நின்றது. பாட்டு முடிந்த பிறகு சொன்னாள்: "ரெண்டு பொண்ணுங்க பாடறாங்க. அக்கா தங்கச்சியாத்தான் இருக்கணும். ஒரே இடத்துல மூச்சு எடுக்கறாங்க. ஒருத்தி எடுக்க மறந்தா இன்னொருத்தி காத்திருக்கா."

ஆல்பத்தின் குறிப்பைப் பார்த்தேன். சகோதரிகள். எனக்குக் கேட்டதோ ஒரே ஒரு குரல்.

அவள் சொன்னதையெல்லாம் கொஞ்சம் இலக்கணம் சேர்த்து, என் சரக்காகவே எழுதி அனுப்பினேன். கடிதங்கள் குவிந்தன. பதினொரு வருடத்தில் எனக்கு வந்த வாசகர் கடிதங்கள் மொத்தம் ஒன்பது. அதில் நான்கு என் சித்தப்பா எழுதியவை. இப்போது ஒரே வாரத்தில் பதினான்கு! "உங்கள் காது கூர்மை பெற்றுவிட்டது" என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் எழுதியிருந்தார். ஆசிரியர் ஓய்வைப் பற்றிய பேச்சையே விட்டுவிட்டார். ஏழு வாரம் ராஜாபோல இருந்தேன். துணி மடிக்கிற ராஜா.

எட்டாவது சனிக்கிழமை ஒரு சோல் ஆல்பம். மூன்றாவது பாட்டு ஓடும்போது அவள் தலையை ஆட்டினாள்.

"நல்லா இருக்குங்க. பின்னாடி பூரா சைக்கிள் மணி அடிக்குது பாருங்க."

"சைக்கிள் மணியா?"

"ஏன், உங்களுக்குக் கேக்கலயா?"

"கேக்காம என்ன? தெளிவா கேக்குது. நீ கவனிக்கறியான்னு பார்த்தேன்."

"ஓகோ," என்றாள்.

அந்த மணியைப் பற்றி ஒரு பத்தி முழுக்க எழுதினேன். "பிரிந்துபோன காலம் தெருமுனையில் நின்று அடிக்கும் மணி அது" என்று எழுதியபோது எனக்கே கண் கலங்கியது. கலங்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை இதழ் வந்தது. கடையில் ஒரு பெண்மணியை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அவசரமாகப் புரட்டினேன். மணி இல்லை. அந்தப் பத்தியே இல்லை. அந்த இடத்தில் இப்படி இருந்தது:

"மூன்றாவது பாட்டின் நடுவில் பாடகி நிறுத்திவிடுகிறார். அப்போது ஒரு நாற்காலி நகர்கிற சத்தம் கேட்கிறது. அதை அழித்திருக்கலாம், அழிக்கவில்லை. யாரோ எழுந்து போய்விட்டார்கள் என்று நமக்குத் தெரிகிறது. பிறகு அவர் பாடுவது போனவருக்காக இல்லை, காலியான நாற்காலிக்காக."

மூன்று தடவை படித்தேன். நன்றாக இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். நாற்காலியில் இருந்த பெண்மணி, "சார், எனக்கு ஒண்ணுமே தெரியல," என்றார். எனக்கும் அதே நிலைமைதான் என்று அவரிடம் சொல்லவில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் நேராக இதழ் அலுவலகத்துக்குப் போனேன்.

"என் கட்டுரையில கை வச்சது யாரு?"

ஆசிரியர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "அக்கா போன் பண்ணாங்க சார்."

"எந்த அக்கா?"

"உங்க வீட்ல."

பதினொரு வருடமாக நான் அவருக்கு வெறும் சார். இவள் எத்தனை போனில் அக்கா ஆனாள்?

"அந்தப் பாட்டுல மணியே கிடையாது சார். உங்களைச் சோதிக்கறதுக்காகச் சொன்னாங்களாம். அச்சுல வந்து உங்க பேர் கெட்டுடக் கூடாதுன்னு, அந்தப் பத்திய எடுத்துட்டு வேற ஒண்ணு சொல்லி எழுதிக்கச் சொன்னாங்க. காது விஷயத்தை உங்ககிட்ட நான் கேக்கவே கூடாதுன்னும் சொன்னாங்க."

"காது விஷயமா?"

"கேக்க மாட்டேன் சார். வாக்கு குடுத்திருக்கேன்."

மாலையில் வீட்டுக்குள் நுழையும்போது கோபத்துக்கு நிறைய வசனம் வைத்திருந்தேன். அவள் அலுவலகத்திலிருந்து வந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"என்கிட்ட நேரா கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டேனே. சமையல்கட்டுலேருந்து நாலு தடவ கேட்டேன், காது சரியா கேக்குதான்னு. நாலு தடவையும் 'ம்'னீங்க."

"அது..."

"போன மாசம் உங்கள விட்டுட்டு எங்க அண்ணன் வீட்டுக்கே போயிடறேன்னேன். அதுக்கும் 'ம்'னீங்க. அதுக்கு அப்புறம்தான் மணி அடிக்க வேண்டியதாப் போச்சு."

கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. உட்கார்ந்தேன்.

"வெக்கமா இருந்தது," என்றேன்.

"கண்ணாடி போட வெக்கப்படறவங்கள உக்காரவச்சு அரை மணி நேரம் புத்தி சொல்றீங்க. அந்தப் புத்தில கொஞ்சம் வீட்டுக்கும் எடுத்துட்டு வந்திருக்கலாம்." அவள் குரல் தாழ்ந்தது. நல்ல வேளையாக அவள் பக்கத்தில் இருந்தேன். இல்லாவிட்டால் அடுத்ததை இழந்திருப்பேன். "வெள்ளிக்கிழமை மட்டும்தான் நீங்க சிரிச்ச முகமா வீட்டுக்கு வர்றீங்க. அந்த அரைப் பக்கம் போயிடுச்சுன்னா உங்களுக்கு என்ன ஆகும்னு பயந்துட்டேன். அதனாலதான் தெரியாத மாதிரி இருந்தேன். செவ்வாய்க்கிழமை காது டாக்டர்கிட்ட போறோம்."

"யாரக் கேட்டு முடிவு பண்ண?"

"உங்களத்தான். முந்தாநேத்து கேட்டேன், 'ம்'னீங்க."

"எனக்குக் காதுல விழவே இல்ல!"

"அதுக்குத்தான் போறோம்."

போனோம். கண்ணாடிச் சுவர் போட்ட அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் ஊர்ப்பட்ட பேருக்குச் செய்வதை எனக்கு ஒருவர் செய்தார். இரண்டு காதுக்கும் பட்டாணி அளவு கருவி பொருத்தினார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சகோதரிகளின் ஆல்பத்தைப் போட்டேன். இரண்டு குரல். ஓரிடத்தில் ஒருத்தி மூச்சு எடுக்க மறந்தாள், மற்றவள் காத்திருந்தாள். நான் அழுதேன். மறைக்கவில்லை. என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்தாள்.

அழுது முடித்ததும் ஆண்மகனுக்குரிய நிமிர்வு திரும்பிவிட்டது. சனிக்கிழமை அறிவித்தேன்: "ஆராய்ச்சி முடிஞ்சுது. உன் ஒத்துழைப்புக்கு ரொம்ப நன்றி. இனிமே நானே கேட்டு நானே எழுதறேன்."

"சரிங்க," என்று இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். அவள் இத்தனை சுலபமாகச் சரி என்றால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று இத்தனை வருடத்தில் நான் கற்றிருக்க வேண்டும்.

இரண்டு நாள் உழைத்தேன். நான்கு ஆல்பங்களையும் ஆறு ஆறு தடவை கேட்டேன். கிட்டார் நரம்பில் விரல் வழுக்குவதுகூடக் கேட்டது. ஒரு வரியும் இரவல் இல்லை. பதினொரு வருட ஞானத்தையும் கொட்டி, கனமாக, ஆழமாக எழுதி அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை போன் வந்தது. பாராட்டை முழுதாகக் கேட்க வேண்டுமென்று கருவியின் ஒலியைக் கூட்டிக்கொண்டேன்.

"சார், கட்டுரை வந்தது," என்றார் ஆசிரியர். தயங்கினார். பிறகு உண்மையான கவலையோடு கேட்டார்: "ஏன் சார், அக்காவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

நல்ல கருவி, ஒரு எழுத்துகூட விடாமல் கேட்டது.