யோர்க்ஷயருக்கு எண்ணெய் முழுக்கு

முழுப் பொய் சொன்னவன் தப்பிவிடுவான், அரை உண்மை சொன்னவன்தான் மாட்டுவான். தொண்ணூறுகளில் இத்தாலியின் பலேர்மோ நகரில் நான் அப்படித்தான் மாட்டினேன்.

பொலிதேயாமா பகுதியில் ஒரு சிஞ்ஞோரா, அதாவது வசதியான சீமாட்டி, வீட்டு வேலைக்கு ஆள் தேடினார். எனக்கு வேலையைவிட அவருடைய கையெழுத்துத்தான் முக்கியம். அது விழுந்தால் பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, கிடைக்கும். மன்னாரில் இருந்த மனைவியையும் மூன்று வயது மகளையும் கூப்பிடலாம்.

சிஞ்ஞோராவின் மடியில் ரிப்பன் கட்டிய ஒரு முடிப்பொட்டலம் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. "இவள் லோலா. யோர்க்ஷயர். பழக்கம் உண்டா?"

யோர்க்ஷயர் எனக்குத் தெரியாததா? பள்ளிக்கூடப் புத்தகத்தில் அது இங்கிலாந்தின் ஒரு பெரிய மாவட்டம். லண்டன் மச்சானின் கடிதத்தில் இறைச்சியோடு தின்னும் புடிங். எங்கள் வீட்டுக் கொட்டிலில் வெள்ளைப் பன்றி. நாயாக அன்றைக்குத்தான் கண்டேன்.

"ஊரில் பன்னிரண்டு யோர்க்ஷயர் வளர்த்தோம்" என்றேன், அரைகுறை இத்தாலியனில். (எண்ணிக்கை சத்தியமாகச் சரி.) சிஞ்ஞோரா என்னை ஏதோ பிரபு வீட்டுப் பிள்ளையைப் போலப் பார்த்தார். ஒரு மாதம் பார்த்துவிட்டுக் கையெழுத்து என்றார்.

நான் தங்கியிருந்த அறையில் கூட இருந்த செல்வம் அண்ணை இதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "டேய், பண்டி வளர்த்தனாங்கள் எண்டு உண்மையைச் சொல்லிப்போடு."

"ஓம் அண்ணை, கையெழுத்து விழட்டும், சொல்லுறன்."

நான்காவது சனிக்கிழமை. லோலாவின் முடி காய்ந்து கிடந்ததைப் பார்க்க மனம் கேட்கவில்லை. சனிக்கிழமை என்றால் எங்கள் ஆட்களுக்கு முழுக்கு. நல்லெண்ணெய் இல்லை, ஒலிவ் எண்ணெய் அரைப் போத்தல் தேய்த்தேன். எண்ணெய் போக்க அரப்பும் இல்லை, சமையலறையில் கடலைமா இருந்தது. (பலேர்மோக்காரர் அதைக் கிண்டி வில்லை வில்லையாகப் பொரிப்பார்கள்.) அள்ளிக் கொட்டிச் சுடுதண்ணீர் ஊற்றினேன். நாய் களியாகிவிட்டது. என் கையிலிருந்து வழுக்கி வரவேற்பறைக்கு ஓடி, கோப்பி குடித்துக்கொண்டிருந்த விருந்தாளிகளின் நடுவில் வெல்வெட் சோபாவில் ஏறி, உடம்பை ஒரு உதறு உதறியது.

"என் நாயைப் பொரிக்கப் பார்த்தாயா?" சிஞ்ஞோராவின் மூக்குக் கண்ணாடியிலும் மா.

பெர்மெஸ்ஸோ போச்சு, இனி மகளைக் காண முடியாது என்று அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினேன். "நாங்கள் வளர்த்தது பன்றி, சிஞ்ஞோரா."

ஒரு விருந்தாளிக்குப் புரையேறியது. சிஞ்ஞோரா கண்ணாடியைக் கழற்றி மாவைத் துடைத்தார். "பன்றிக்கும் இப்படித்தான் எண்ணெய் வைப்பீர்களா?"

"இல்லை, பிள்ளைகளுக்கு மட்டும். என் மகளுக்கு நான்தான் வைத்துவிடுவேன்."

லோலாவைக் கழுவப் பின்னேரம் முழுக்கச் சென்றது. சிஞ்ஞோராவும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். கழுவியபடியே மகளின் பெயரைக் கேட்டார். திங்கட்கிழமை கையெழுத்தை வைத்தார்.

அடுத்த ஆண்டு மனைவியும் மகளும் வந்தார்கள். மனைவி பிள்ளைக்குத் தலை நிறைய எண்ணெய் வைத்து, இரட்டைப் பின்னல் போட்டு, சிஞ்ஞோராவிடம் கூட்டிப் போனாள். அவர் பின்னலைத் தொட்டார், விரலைப் பார்த்தார். உள்ளே போய்ப் பெரிய துவாய் ஒன்றைக் கொண்டுவந்து சோபாவில் விரித்து, பிள்ளையைத் தூக்கி அதன் மேல் இருத்தி, லோலாவை அவள் மடியில் வைத்தார்.

மகள் இப்போது பெரிய உத்தியோகக்காரி. நாங்கள் யார் வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே என் காதுக்குள் கேட்பாள்: "அப்பா, துவாய் கொண்டு வந்தனீங்களோ?"