வாசலில் வாய் பிளந்து தூங்கும் நான்

அன்பு மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே நான் நலம். முழங்கால் மட்டும் என்னோடு ஒத்துப்போக மறுக்கிறது. நீ இத்தனை வருஷமாகச் செய்த சிற்பங்களையெல்லாம் ஒரே இடத்தில் கூட்டிவைத்த கண்காட்சிக்கு வாழ்த்துகள். வாழ்த்து இதோடு முடிந்தது.

என் சிலையை உடனே அங்கிருந்து எடுத்துவிடு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்வு நாற்காலியில் பனியனோடு வாய் பிளந்து கிடந்தவனை யாரைக் கேட்டு வாசலிலேயே வைத்தாய்? டிக்கெட் கொடுக்கும் பெண் என்னைப் பார்த்தாள், சிலையைப் பார்த்தாள், "சார், நீங்கதானா அது? தூங்கறப்போ இன்னும் நல்லா இருக்கீங்க" என்று சிரித்தாள், அந்த மானக்கேட்டோடு நகர்ந்தால் ஒரு குடும்பமே சிலைக்குப் பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்று, "அய்யா, ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?" என்று போனை என் கையிலேயே திணிக்கிறது, நானும் எடுத்துத் தொலைத்தேன்.

அந்தச் சிலையால் நான் பட்ட பாடு கொஞ்சமா? எங்கள் பின்னறையில் நீ குடியிருந்தபோது குளியலறைத் தண்ணீர் போகாது, பார்த்தால் களிமண். ஆபீஸ் சட்டையைக் காணோம், பார்த்தால் மண் காயாமலிருக்க அதை நனைத்துச் சிலைமேல் சுற்றியிருப்பாய். உன் அக்காவிடம் முறையிட்டால், "இருங்க, உங்க தலை காயுது" என்று மண் தலைக்குத் தண்ணீர் தெளிக்க ஓடுவாள். எனக்குக் காபி தர மறந்த நாள் உண்டு, அந்தத் தலையை நனைக்க மறந்த நாள் கிடையாது. இப்போது வீடு படு சுத்தமாக இருக்கிறது. எனக்குப் பிடிக்கவே இல்லை.

கடைசி அறையில் உன் அக்காவைப் பார்த்தேன். ஈரத்துணியைப் பிழிந்தபடி, எதற்கோ சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். அவள் போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் கையை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். பிடித்துவிட்டேன். காவலாளி ஓடிவந்து, "தொடக்கூடாதுங்க பெரியவரே" என்றார்.

"என் பொண்டாட்டிப்பா" என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். "அப்போ சீக்கிரம் தொட்டுக்குங்க, மேனேஜர் வர்றாரு" என்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆனாலும் என் முடிவில் மாற்றமில்லை. என் சிலை வீடு வந்து சேரவேண்டும். உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உன் கைகள் நோகாமல் இன்னும் நிறையச் செய்யட்டும், என்னைத் தவிர.

இப்படிக்கு,
வாயை மூடிக்கொண்டு,
உன் அத்தான்

பின்குறிப்பு: சிலையை எடுக்கவேண்டாம். கடைசி அறைக்குக் கொண்டுபோய், அவள் பிழியும் துணிக்குக் கீழே வை. வாயை மட்டும் திருத்திவிடாதே. அடையாளம் தெரியாமல் அவள் வேறு யார் தலையையாவது நனைத்துவிடப் போகிறாள்.