மாட்டிய தேதி

ஆஸ்பத்திரி வெயிட்டிங் ஹாலில் பக்கத்து நாற்காலிக்காரர் வாயைத் திறந்ததோடு ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கின் நிம்மதி போயிற்று.

"மாத்தி வெச்ச கிட்னி பதினஞ்சு வருஷம்தான் சார் ஓடும்."

மனைவி கொடுத்த கிட்னியை மெக்கானிக்குக்கு வைத்துப் பதினாலு வருஷம், பதினோரு மாசம். கணக்கு தப்பவே தப்பாது. எதை மாட்டினாலும் தேதி எழுதி ஸ்டிக்கர் ஒட்டுகிற மனுஷன். கிட்னிக்கும் பீரோ கதவின் உள்பக்கம் ஒன்று ஒட்டியிருந்தார். வீட்டுக்கு வந்ததும் அதன் கீழே 'முடிவு: அடுத்த மாதம்' என்று எழுதினார். மனைவியிடம் மூச்சு விடவில்லை.

வேலையைக் குறைத்தால் மெஷின் அதிக நாள் ஓடும். வாடிக்கையாளர்களுக்கு அவர் தினமும் ஓதுவது அதுதான். தண்ணீர் குடிப்பதைப் பாதியாக்கினார். அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனையில், கிட்னி கெட்டால் ஏறுகிற கிரியேட்டினின் ஏறியிருந்தது. ஐயையோ, ஆரம்பிச்சிடுச்சு! தண்ணீரை இன்னும் குறைத்தார். அது இன்னும் ஏறியது.

வீட்டில் வேறொரு கூத்து. மனைவி திடீரென்று டீச்சராகிவிட்டாள்.

"இங்க வாங்க. முட்டை எவ்வளவு நேரம் வேகணும்?"

"எனக்கு எதுக்கு அதெல்லாம்?"

"சொல்லுங்க."

"அரை மணி நேரம்?"

"வெளங்கிடும்! வாஷிங் மெஷின்ல வெள்ளைத் துணியைத் தனியாப் போடணும், கவனிங்க. இன்ஷூரன்ஸ் பேப்பர் இந்த டப்பாவுல இருக்கு."

அவருக்கு ஒன்றுமே புரியவில்லை. போகப்போவது நான், பாடமும் எனக்கா? மத்தியானமானால் அவள் வேறு எங்கேயோ கிளம்பிவிடுகிறாள். கேட்டால், "தையல்காரம்மாவைப் பாக்க" என்கிறாள். கையில் ஒரு துணிகூட இல்லை. என்னை விட்டுட்டுப் போகப்போறாளா, அதுவும் இப்பவா? அவருக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

மாசக் கடைசியில், விழாத குறையாக டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"ஒழுங்கா தண்ணி குடிக்கிறீங்களா?"

"கிட்னிக்கு ரெஸ்ட் குடுக்கறேன் டாக்டர். பதினஞ்சு வருஷம் முடியப்போகுதுல்ல?"

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அது சராசரிங்க! அதுக்கு மேலயும் ஓடறது எத்தனையோ இருக்கு. உங்க கிட்னி நல்லாத்தான் இருக்கு, நீங்கதான் அதைக் காயப் போடறீங்க. படுங்க, சலைன் ஏத்தணும்."

போன உயிர் திரும்பி வந்தது. சலைன் மாட்ட வந்த நர்ஸிடம் புலம்பினார்: "இந்த நல்ல சேதியை யாருகிட்ட சொல்றது சிஸ்டர்? வீட்டுக்காரிதான் என்னை விட்டுட்டுப் போக ரெடியாயிட்டாளே."

நர்ஸ் ஊசியைக் குத்தாமல் நின்றாள்.

"அவங்களா? பீரோ கதவுல நீங்க 'முடிவு'ன்னு எழுதினதைப் பாத்துட்டாங்களாம், தினம் மத்தியானம் இங்க வந்து என் உயிரை வாங்கறாங்க சார். முடியாதுன்னு சொன்னாலும் கேக்கல. 'மிச்சமிருக்கற கிட்னியையும் எடுத்து அவருக்கே வெச்சிடுங்க, முட்டை வேகவைக்க மட்டும் கத்துக்குடுத்துட்டு வந்துடறேன்'னு நிக்கறாங்க."