மச்சானின் தோப்பைச் சுத்தம் செய்த கதை

கொங்கு நாட்டில் புது மாப்பிள்ளையிடம் யாரும் ‘வேண்டாம்’ என்று சொல்ல மாட்டார்கள். அதைப் பெரிய மரியாதை என்று நினைத்திருந்தேன். அதிலுள்ள ஆபத்து எனக்குப் புரிவதற்குள் ஒரு தென்னந்தோப்பு காலியாகிவிட்டது.

கல்யாணமாகி மூன்றாவது மாதம், அவிநாசிப் பக்கம் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தேன். என் மனைவியின் அண்ணன் கதிர்வேல் மச்சான் அங்கே தென்னை வைத்து, செக்கு எண்ணெய் விற்று வந்தார். சொந்தமாக ஒரு செக்கு ஆலை போடுவது அவர் கனவு. இயற்கைப் பண்ணைகளில் முதலீடு செய்யும் கம்பெனி ஒன்றிலிருந்து அன்று மத்தியானம் ஆட்கள் தோப்பைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர்கள் சம்மதித்தால் ஆலை. இல்லாவிட்டால் மச்சான் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போக வேண்டும்.

அவர்களைக் கூட்டிவர மச்சான் கோவைக்குக் கிளம்பியதும் நான் தோப்புக்குள் போனேன். எனக்குத் தலை சுற்றியது. கால் வைக்க இடமில்லாமல் காய்ந்த மட்டை, அதன்மேல் ஏதோ கொடி, இடையில் முழங்கால் உயரக் களை. பணம் போட வருகிறவர்கள் இந்தக் குப்பையைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? (நான் பம்புசெட் கம்பெனியில் வேலை பார்ப்பவன். எனக்கு விவசாயம் என்றால் சந்தையில் கிடைப்பது.)

களையோடு மண்ணையும் உழுது புரட்டும் ரொட்டவேட்டர் மாட்டிய டிராக்டரை வரச்சொன்னேன். தோட்டத்தில் வேலை பார்க்கும் மாராத்தாள் அக்கா தயங்கி நின்றார்.

“ஏனுங்க மாப்பிள்ளை, இதையத் தொடோண்டாம்னு கதிர்வேல் சின்னவரு சொல்லிப்போட்டுப் போனாருங்க.”

“நான் பாத்துக்கறனுங்க்கா.”

“மாப்பிள்ளை சொன்னாச் சரிதானுங்க.”

மட்டைகளைக் குவித்துத் தீ வைத்தோம். டிராக்டர் ஓடியது. பின்னாலேயே ஏகப்பட்ட கொக்குகள் வந்து இறங்க, நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன். மாமியார் மட்டும் மூன்று முறை காபி கொடுத்தனுப்பினார். மாப்பிள்ளையை நேரில் தடுக்கக் கூச்சப்பட்டு, காபி குடிக்கும் நேரமாவது வண்டி நிற்கட்டும் என்றுதான் அனுப்பினார் என்பது பிற்பாடு தெரிந்தது. நான் குடித்துக்கொண்டே ஓட்டச் சொன்னேன்.

கார் வந்தபோது தோப்பு கல்யாண மண்டபம்போலப் பளிச்சென்றிருந்தது. மூலையில் கொஞ்சம் புகை. அதிலிருந்து இறங்கிய கம்பெனி மேடம் கையிலிருந்த காகிதத்தையும் தோப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதுதானுங்களா மூணு வருசமா உழாத நிலம்?”

மச்சானை யாரோ சோம்பேறி என்கிறார்கள் என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

“அப்படியெல்லாம் போட்டு வெக்கலைங்க மேடம். காலையிலதான் ஓட்டினோமுங்க.”

பாராட்டு ஏன் இன்னும் வரவில்லை என்று எனக்குக் குழப்பம். உழாமல், எரிக்காமல், மட்டையால் மூடியே மண்ணுக்கு உயிர் கொடுப்பதுதான் மச்சானின் விவசாயம் என்பதும், அதைப் பார்க்கத்தான் இவர்கள் வந்தார்கள் என்பதும், மேடம் குனிந்து ஒரு பாதி மண்புழுவை எடுத்துக் காட்டி விளக்கிய பிறகுதான் மண்டையில் ஏறியது. மீதியைக் கொக்கு தின்றிருந்தது.

மச்சான் வெகுநேரம் புகையையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “மாப்பிள்ளை, சாப்ட்டீங்களா?” என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வந்தவர்கள், மண் பழைய நிலைக்குத் திரும்பியதும் பார்க்கலாம் என்று சொல்லிப் போய்விட்டார்கள். மச்சான் பனியன் கம்பெனிக்குப் போனார். வெட்கம் தாங்காமல் நான் ஞாயிறுதோறும் போய் என் கையாலேயே மட்டை பரப்பினேன். மூன்று வருடம் கழித்து அதே மேடம் வந்தார், ஒப்பந்தம் கையெழுத்தானது, ஆலையும் வந்தது. அந்த ஒப்பந்தத்தில் வேறெந்தப் பண்ணைக்கும் இல்லாத நிபந்தனை ஒன்று உண்டு: நிறுவனத்தின் எழுத்துபூர்வ அனுமதியின்றி உறவினர் எவரும் நிலத்தைச் சுத்தம் செய்யக் கூடாது.

இன்றைக்கும் மாமியார் வீட்டில் சாப்பிட்ட இலையை எடுக்க நான் குனிந்தால் போதும், மாமியார் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்கிறார்: “கம்பெனில கேட்டுப்போட்டீங்களா மாப்பிள்ளை?”