ஒரே கை பட்ட கருவி

“அத்தனையும் குப்பை!” மைக்ரான் சார், திருகை முறுக்கி அளக்கும் தன் மைக்ரோமீட்டரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கத்தினார். “இருபத்தஞ்சு மில்லிமீட்டர் இருக்கணும். நாப்பது மைக்ரான் கம்மி. நாப்பது!”

நாற்பது மைக்ரான் என்பது தலைமுடியின் பருமனில் பாதி. அவர் போட்ட சத்தத்துக்குப் பட்டறைக் கூரையே பெயர்ந்து விழுந்திருக்க வேண்டும்.

பேச்சுக்குப் பேச்சு மைக்ரான் என்று சொல்லியே அந்தப் பட்டப்பெயரை வாங்கிய சூப்பர்வைசர் அவர். வீட்டு வாசல் கதவு சரியாக மூடவில்லை என்றால்கூட எத்தனை மைக்ரான் உப்பியிருக்கிறது என்று அரை நாள் அளப்பார். பிறகு தச்சர் வந்து இரண்டே இழுப்பில் இழைத்துவிட்டுப் போவார். இப்படிப்பட்ட ஒரு மேதையிடம்தான் முதலாளி முந்தின நாள் சொல்லியிருந்தார்: “நாளைக்கு நாலு மணிக்கு நாப்பது இரும்புத் தண்டும் வண்டியில ஏறணும். ஏறலேன்னா உங்க நாற்காலியில வேற ஆள் உக்காருவாங்க.”

நாற்பது தண்டையும் காலை பத்து மணிக்கே கடைந்து முடித்து, துடைத்து, தட்டில் வரிசையாக அடுக்கியிருந்தார் சி.என்.சி. கடைசல் மெஷின் ஆபரேட்டர்.

“பட்டறை மைக்ரோமீட்டர்ல பார்த்தேன் சார். கரெக்டா இருந்துச்சே.”

“அது பத்துப் பேர் கை பட்டது. இது ஒரே கை பட்டது. என் கை!”

அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. தினமும் சாயங்காலம் அதை மரப்பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவார், காலையில் கொண்டுவருவார். பட்டறையில் வைத்தால் கண்டவன் தொடுவானாம். அன்று காலை வீட்டில் பெட்டி அலமாரியில் இல்லாமல் சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. உள்ளே கொஞ்சம் பழுப்புத் தூள். பெட்டியைப் பூச்சி அரிக்கிறது போல என்று ஊதித் தள்ளிவிட்டுக் கிளம்பி வந்திருந்தார்.

“எதுக்கும் ஜீரோ செக் பண்ணிடலாமா சார்? வாயை மூடினா சைபர் காட்டுதான்னு பார்த்தா போதும். ஒரு நிமிஷ வேலை.”

“நீ முதல்ல உன் வாயை மூடு! பதினெட்டு வருஷமா இதை வச்சு அளக்கிறேன். இதைப் போயா சந்தேகப்படுறே?”

“இல்ல சார், இன்ஸ்பெக்ஷன் அக்கா கேஜ்லயாவது ஒரு தடவை...”

“குப்பையைக் கொண்டுபோய் அவங்க மேஜையில கொட்டுவியா?”

அத்தோடு விட்டாரா? நல்ல சரக்கோடு கலந்துவிடக் கூடாது என்று நாற்பது தண்டையும் கட்டிங் வீலில் கொடுத்து இரண்டு இரண்டாக வெட்டிப் போட்டார். ஒவ்வொன்றை வெட்டும்போதும் ஆபரேட்டரை ஒரு பார்வை பார்த்தார். அந்த மனுஷன் முகம் சுண்டிப்போய் நின்றார்.

“கடையாத கம்பி இன்னும் நாப்பது இருக்கில்ல? மெஷின்ல அளவு ஆஃப்செட்டை நாப்பது மைக்ரான் ஏத்தி ஓட்டு.”

“பெருசா வந்துடும் சார்.”

“ஓட்டுன்னா ஓட்டு.”

மதியம் ஒரு மணிக்குள் இருபது தண்டு முடிந்தன. மைக்ரான் சார் அளந்தார். இருபத்தைந்து, சுத்தமாக இருபத்தைந்து! “பார்த்தியா?” என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு, தட்டைத் தானே தூக்கிப்போய் இன்ஸ்பெக்ஷன் அக்காவின் மேஜையில் வைத்தார்.

அக்கா கேஜை எடுத்தார். தண்டு அதன் வாய்க்குள் போனால் பாஸ், போகாவிட்டால் ஃபெயில். ஒன்றுகூடப் போகவில்லை.

“எல்லாம் பெருசு சார்.”

“இப்பத்தானே அளந்தேன்! அங்க சரியா இருந்தது இங்க எப்படிப் பெருசாகும்?”

“அதைத்தான் நானும் கேக்கிறேன்.”

வேறு யாராக இருந்தாலும் இரண்டு அளவுகோலில் ஒன்று பொய் சொல்கிறது என்று புரிந்துகொண்டிருப்பார்கள். இவருக்கோ மூளை கொஞ்சம் அதிகம். நெற்றியைத் தேய்த்தபடி சுற்றிலும் பார்த்தார்.

“வெக்கை! இந்த ரூம் வெக்கையில தண்டு விரியுது. ஏசியைப் பதினாறுல வைங்க. தண்டெல்லாம் ஐஸ் பக்கெட்ல போகட்டும்.”

“இருபது அடி நடந்ததுக்கா சார் விரியுது?” என்று கேட்ட ஆபரேட்டர், வாங்கிக் கட்டிக்கொண்டு ஐஸ் வாங்கப் போனார்.

முக்கால் மணி நேரம் ஊறிய பிறகும் ஒரு தண்டுகூட கேஜுக்குள் போகவில்லை. அக்கா ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னார்: “தண்டு சுருங்கல சார். நான்தான் சுருங்கிட்டேன்.”

அதற்குள் தண்டெல்லாம் துருப்பிடிக்க ஆரம்பித்திருந்தது. எமரி பேப்பர் போட்டுத் தேய்க்கச் சொன்னார். தேய்த்த தேய்ப்பில் துரு போயிற்று, கூடவே வட்டமும் போயிற்று. இருபதும் பாழ்.

மணி மூன்று.

“மெஷின்லதான் கோளாறு. தண்டைக் கவ்விப் பிடிக்கிற சக்கைக் கழட்டு!”

“இன்னும் இருபது கம்பி இருக்கு சார். பழைய ஆஃப்செட்ல ஓட்டினா இருபது தண்டாவது கிடைக்கும். கழட்டினா இன்னைக்கு மாட்ட முடியாது.”

“நீ எனக்குச் சொல்லித் தர்றியா?” என்று ஸ்பேனரைப் பிடுங்கித் தானே கழற்றினார். அந்தச் சக் உள்ளே பளபளவென்று இருந்தது. ஒரு குறையும் இல்லை. மறுபடி மாட்டினால் ஆட்டம் காட்டியது. கிரீஸ் முழங்கைவரை ஏறியதுதான் மிச்சம்.

நாலு மணிக்கு வண்டி வந்து ஹாரன் அடித்தது. பின்னாலேயே முதலாளி வந்தார்.

“தண்டு எங்க?”

எல்லோரும் மைக்ரான் சாரைப் பார்த்தார்கள்.

“காலையிலயே முடிஞ்சதா சொன்னாங்களே, அந்த நாப்பது?”

“வெட்டிப் போட்டாச்சு சார். அளவு தப்பு. இதோ இந்த ஆபரேட்டர் பண்ணின வேலை.” அவர் மைக்ரோமீட்டரைத் தூக்கிக் காட்டினார். “ஆளு பொய் சொல்லலாம், மெஷின் பொய் சொல்லலாம். இது சொல்லாது சார். என்னைத் தவிர ஒரு கை இதைத் தொட்டதில்ல.”

முதலாளி ஆபரேட்டர் பக்கம் திரும்பினார். “கணக்கை முடிச்சுக்கிட்டுக் கிளம்புப்பா.”

ஆபரேட்டர் கையைத் துடைக்கத் துணியைத் தேடினார். அந்த நேரம் பார்த்து மைக்ரான் சாரின் போன் அடித்தது. கையெல்லாம் கிரீஸ். முழங்கையால் மேஜையிலிருந்த போனை அமுக்கினார். ஸ்பீக்கர் அலறியது. மனைவி.

“என்னங்க, சாயங்காலம் வரும்போது மரப்பெட்டியில வச்சிருப்பீங்களே, அந்தத் திருகு வச்ச இடுக்கியை மறக்காம எடுத்துட்டு வாங்க. நேத்து அதுல வச்சு இறுக்கினதும் அக்ரூட் ஓடு என்னமா பட்டுப்பட்டுன்னு உடைஞ்சுது! இன்னும் அரைக் கிலோ பாக்கி இருக்கு.”