ஸ்டான்லி மூச்சை எப்போது விடுகிறான்?

கோலார் தங்கவயலில் சுரங்கம் வெட்டியவர்கள் எல்லோரும் சேர்ந்து தோண்டியதைவிட அதிகம் தோண்டிய ஒரு மனிதரை எனக்குத் தெரியும். கடப்பாரை கிடையாது, வெறும் வாய்தான். தோண்டப்பட்டவர்கள், அவருக்கு எதிரே உட்கார்ந்த பாவிகள். தங்கவயலின் ஊரிகத்திலிருந்து காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் கொஸ்டின் பேப்பர். பெங்களூரில் லிஃப்ட் மெக்கானிக். சொந்தப் பெயர் அவருடைய சீசன் டிக்கெட்டுக்கு மட்டும் தெரியும்.

ஒருமுறை டிக்கெட் பரிசோதகரிடம், "சார், டிக்கெட்ட வாங்கனதும் மொதல்ல தேதியப் பாப்பீங்களா, ஊரப் பாப்பீங்களா?" என்று சாதாரணமாகக் கேட்டார். பரிசோதகர் கையிலிருந்த டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வேறு யாரையும் எதுவும் கேட்காமல் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிப் போய்விட்டார்.

"இந்தாளு கேட்டா கண்ணாடிகூட மூஞ்சியத் திருப்பிக்கும்" என்றார் தெரசா அக்கா. ஒரு கம்பெனியில் கணக்குப் பார்ப்பவர், எங்கள் பெட்டிக்கு நீதிபதி. நான் மனசில் சேர்த்துவைத்திருக்கும் நல்ல வார்த்தைகளில் பாதி அக்காவுடையவை.

கிறிஸ்துமஸை ஒட்டி ஊரிகம் அணிக்கும் பங்காருபேட்டை அணிக்கும் ஹாக்கி நடக்கும். எல்லோரும் செல்போனில் கிரிக்கெட்டுக்குக் கற்பனை அணி கட்டுகிறார்களே, அதை நாங்கள் ரயிலில் ஹாக்கிக்குக் கட்டினோம். இரண்டு பக்கத்து ஆட்டக்காரர்களையும் ஆளுக்கொருவராக மாறி மாறிப் பொறுக்குவோம். யாருடைய ஆட்கள் அதிகம் கோல் போடுகிறார்களோ அவருக்கு ஜன்னல் சீட், அடுத்த வருஷ மேட்ச் வரைக்கும். ஜன்னலில் இருப்பவருக்கு முதல் ஆளைப் பொறுக்கும் உரிமை உண்டு. ஆனால் தோற்றால் அவர் பெங்களூர் வரை நின்றுகொண்டே வரவேண்டும். இது அக்கா போட்ட சட்டம்.

அந்த ஜன்னலில் பல வருஷமாக இருந்தவர் கொஸ்டின் பேப்பர்.

அந்த முறை முதல் ஆள் யார் என்பதில் அவருக்குக் குழப்பம். ஊரிகத்தில் ஸ்டான்லி, கோலுக்கு முன்னால் பந்து கிடைத்தால் விடமாட்டான். பங்காருபேட்டையில் மஞ்சுநாத், பெனால்டி கார்னர் அடித்தால் கோல் பலகை அதிரும். யார் உசத்தி? மனிதர் ஆராய்ச்சியில் இறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டான்லி வீட்டுக்கே போய், அவன் எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குகிறான் என்று அவன் மனைவியிடம் விசாரித்தார். "இன்னாண்ணா இது, கல்யாணமாகி ரெண்டு புள்ள ஆனப்புறம் மாப்ள பாக்க வந்துகீறீங்க?" என்றாள் அவள். அவர் விடவில்லை. ஸ்டான்லியைப் பிடித்தார்.

"பந்த அடிக்கசொல்லோ மூச்ச இஸ்துப்பியா, வுடுவியா?"

ஸ்டான்லி யோசித்தான். "தெர்லியேண்ணா."

"தெரியாமயா இத்தினி கோல் போட்டே?"

மறுநாள் பங்காருபேட்டையில் ரயில் ஏறிய மஞ்சுநாத்தை மடக்கினார். "கார்னர் அடிக்க ஓடிவரியே தம்பி, மொதல்ல எந்தக் கால எடுத்து வைப்பே?"

மஞ்சுநாத் குனிந்து தன் கால்களைப் பார்த்தான், புதிதாக வாங்கியவை போல. "கொத்தில்லா அண்ணா" என்று கன்னடத்தில் கைவிரித்தான். கண்டோன்மென்ட்டில் இறங்கும்போது படியில் தடுமாறினான்.

கடைசியில் கொஸ்டின் பேப்பர் ஸ்டான்லியை எடுத்தார். அக்கா மஞ்சுநாத்தை எடுத்தார். எனக்கு மிஞ்சியவர்களில் பெரிய பெயர், ஊரிகத்தின் தடுப்பாட்டக்காரர் ஜெயபால். பேக்கரிக்காரர், அவர் ஓடினால் பன் உருளுவது போல இருக்கும்.

"இவர ஆராய்ச்சி பண்ணலியாண்ணா?" என்றேன்.

"அவன்கிட்ட கேக்கறதுக்கு இன்னாப்பா கீது?"

மேட்ச் அன்று முதல் பாதியிலேயே ஸ்டான்லிக்குத் திறந்த கோல். பந்து காலடியில், கோல்கீப்பர் தரையில். ஸ்டான்லி மட்டையைத் தூக்கினான். மூச்சை இழுத்தான். விட்டான். மறுபடி இழுத்தான். அதற்குள் எவனோ பந்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டான். அந்தப் பக்கம் மஞ்சுநாத் கார்னருக்கு ஓடிவந்தான். வலது காலை வைத்தான், எடுத்தான், இடது காலை வைத்தான், கல்யாணப் பெண் மேடை ஏறுவது போல நடந்து வந்து பந்துக்குப் பக்கத்தில் காற்றை அடித்தான்.

"பாவி மனுசா, ரெண்டு டீமையும் ஒரே ஆளா காலி பண்ணிட்டீங்களே!" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

கொஸ்டின் பேப்பர் காதில் வாங்கவில்லை. "பாரு முரளி, மூச்ச வுட்டப்புறம்தான் தோள் எறங்குது!" என்று எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

கடைசி நிமிஷம் ஊரிகத்துக்கு ஒரு பெனால்டி கார்னர். ஸ்டான்லி ஒதுங்கிக்கொண்டு, "நீயே அடிண்ணா" என்று ஜெயபாலைத் தள்ளினான். யாராலும் எதுவும் கேட்கப்படாத ஜெயபால் சும்மா ஓடிவந்து சும்மா அடித்தார். கோல். அந்த மேட்சின் ஒரே கோல்.

திங்கட்கிழமை ஜன்னலில் நான். கொஸ்டின் பேப்பர் மேல் பெர்த்தின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒயிட்ஃபீல்டு தாண்டியதும் கூட்டம் நெருக்கியது. அவர் வலது காலுக்கு ஓய்வு கொடுத்தார், பிறகு இடது காலுக்கு. அப்படியே குனிந்து கேட்டார்: "முரளி, ஜன்னல்ல வர்ற மரத்தப் பாக்கறியா, போற மரத்தப் பாக்கறியா?"

செவ்வாய்க்கிழமை நான் எழுந்துகொண்டேன். "நீங்களே உக்காருங்கண்ணா. நீங்க கேட்டதுலருந்து தலை சுத்துது."

நீதிபதி அக்கா என்னை உற்றுப் பார்த்தார். "உடம்புக்கு முடியலன்னா சட்டம் எடங்கொடுக்கும்" என்று தீர்ப்புச் சொன்னார்.

கொஸ்டின் பேப்பர் மெல்ல உட்கார்ந்து காலை நீட்டினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நெஜமாவே சுத்துதா?"

பேத்தமங்களா திருவிழா ராட்டினத்திலேயே தலை சுற்றாத ஆள் நான். ஆனாலும் அவர் கேட்ட கேள்விகளில் நான் யோசிக்காமல் பதில் சொன்னது அது ஒன்றுக்குத்தான்.

"பயங்கரமா சுத்துதுண்ணா."